வீட்டிலேயே மல்லி, புதினா, கறிவேப்பிலை: முதன்முறை தொடங்குபவர்களுக்கு

நர்சரிக்காரர் ஒன்று சொல்வார், வீடியோவில் வருபவர் வேறொன்று சொல்வார், விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். மூன்றையும் கேட்டு, செலவழித்து, செடி காய்ந்த பிறகுதான் எது நம் ஊர் வெயிலுக்கு எழுதியது, எது பனி விழும் ஊருக்கு எழுதியது என்று பிரிக்கத் தெரிய வருகிறது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது சென்னை, வாடகை வீடு. கடலோர ஊர்களுக்கும் மதுரை, திருச்சி போன்ற வெயில் ஊர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். கோவைக்காரர்கள் மாதக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்கு இது வேண்டியதே இல்லை. அங்கே பார்ஸ்லியும் தைமும்கூட மண்ணில் போட்டால் வந்துவிடும்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மல்லி, புதினா, கறிவேப்பிலை மூன்றையும் கடையில் ஒரே கையால் அள்ளிக் கொடுக்கிறார்கள். வளர்க்கும்போது மூன்றும் மூன்று ஜாதி. ஒன்று பனிக்கால ஆண்டுப் பயிர், ஒன்று ஈரத்தில் படரும் கொடிமாதிரி, ஒன்று மரம். மூன்றையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே தொட்டியில் வைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால் ஒன்றாவது நிச்சயம் போகும்.

1. முதலில் அனுமதி, அப்புறம் மண்

வாடகை வீடென்றால் தொட்டி வாங்கும் முன்பே ஹவுஸ் ஓனரிடம் கேட்டுவிடுங்கள். வாயால் கேட்டது போதாது. “மொட்டை மாடியில் கிழக்கு ஓரமாக ஐந்து தொட்டி வைத்துக்கொள்கிறேன், அடியில் செங்கல் வைத்துத் தூக்கித்தான் வைப்பேன், தண்ணீர் தேங்காது” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் “சரி” என்று போட்டதை வைத்துக்கொள்ளுங்கள். வீடு காலி செய்யும் நாளில் மேல்தளத்தில் ஓதம் இறங்கியிருந்தால் அட்வான்ஸில் கை வைப்பார்கள். அப்போது இந்த ஒரு வரிதான் பேசும். வைத்த இடத்தை, வைக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது.

அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அசோசியேஷனுக்கு ஒரு கடிதம் கொடுத்து, செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பால்கனி உங்களுடையதுதான் என்றாலும், கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்காதீர்கள். புயல் மாதத்தில் அது கீழே நிற்கும் வண்டிமேல் விழுந்தால் செலவு எந்தக் கறிவேப்பிலைக்கும் கட்டாது.

பாரத்தையும் யோசியுங்கள். 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள செடி வளர்க்கும் பை ஒன்றில் மண் கலவை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 20 கிலோவைத் தாண்டும். ஐந்தாறு தொட்டியால் மாடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எல்லாவற்றையும் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் அல்லது பீம் இருக்கும் ஓரமாக வரிசையாக வையுங்கள்.

2. அரசு கொடுக்கும் மாடித்தோட்டப் பொருள்கள்: யாருக்கு லாபம்?

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை, “மாடித்தோட்டத் தளை” என்ற பெயரில் ஒரு தொகுப்பை மானிய விலையில் கொடுக்கிறது. செடி வளர்க்கும் பைகள், 2 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்கள், பூஞ்சாண நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி, வேப்பெண்ணெய் எல்லாம் அதில் இருக்கும். 900 ரூபாய்த் தொகுப்பைப் பாதி மானியத்தில் 450 ரூபாய்க்குக் கொடுத்த ஆண்டும் உண்டு. மானிய அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், துறையின் இணையதளத்திலோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ இந்த ஆண்டு என்ன நிலவரம் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ, கைபேசி எண் கையில் இருக்கட்டும்.

சமையலுக்கான இலைகள் மட்டும்தான் உங்கள் குறி என்றால் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. உள்ளே வருவது கத்தரி, வெண்டை, கீரை விதைகள். பையும் நார்க்கழிவும் உபயோகப்படும், அவ்வளவுதான். பதிவு செய்துவிட்டு, வரும்போது வரட்டும் என்று மற்ற வேலையைத் தொடங்கிவிடுங்கள். கைக்கு வந்ததும் உயிர் உரப் பாக்கெட்டுகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். உள்ளே இருப்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள். வெயிலில் கிடந்தாலும் தேதி தாண்டினாலும் வெறும் பொடிதான்.

பயிற்சி வேண்டும் என்பவர்களுக்கு: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் கிண்டியில் இருக்கிறது. மாடித்தோட்டத்துக்கு அவ்வப்போது ஒரு நாள் பயிற்சி நடத்துவார்கள். தேதி பத்திரிகைகளில் வரும்.

3. எந்த மாதத்தில் எதைத் தொடங்குவது

“ஆடிப்பட்டம் தேடி விதை” வயலுக்குச் சொன்னது. சென்னை மாடியில் ஆடி மாதத்தில் மல்லி போட்டால், ஒரு சாண் வளரும் முன்பே பூத்துவிடும். மல்லிக்குச் சூடு ஆகாது. சூடு கண்டதும் “நம் காலம் முடிந்தது” என்று இலை விடுவதை நிறுத்திவிட்டு விதைக்குப் போய்விடும். நீங்கள் என்ன உரம் போட்டாலும் திரும்பாது.

மல்லிக்கு நம் பக்கம் சரியான காலம் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசித் தொடக்கம் வரை. ஐப்பசியில் போடலாமே என்று தோன்றும், குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை கொட்டும் கொட்டில் முளைத்த நாற்று மண்ணோடு படுத்துவிடும். மேலே கூரை உள்ள பால்கனி என்றால் ஐப்பசியிலேயே தொடங்கலாம்.

வெந்தயக்கீரைக்கும் இதே காலம் நல்லது, ஆனால் அது அவ்வளவு பிகு செய்யாது. கத்திரி வெயிலையும் அடைமழையையும் விட்டுவிட்டால் எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

புதினா, கற்பூரவள்ளி இரண்டையும் சித்திரை, வைகாசி தவிர எந்த மாதமும் நடலாம். கறிவேப்பிலைக் கன்று வைக்க ஆடி, ஆவணி சிறந்தது. மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். மார்கழிக் குளிரில் அது சும்மா நிற்கும். அந்த நேரம் உரத்தைக் கொட்டிப் பயனில்லை.

இன்று எந்த மாதமோ, அந்த மாதத்துக்கு எது பொருந்துமோ அதை மட்டும் தொடங்குங்கள். முதல் செடியாக மல்லியைத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அது நல்ல தொடக்கம் இல்லை. கற்பூரவள்ளியும் புதினாவும் முதலில். கை பழகிய பிறகு மல்லி.

4. இடம், வெயில், தண்ணீர்

காலை வெயில் விழுந்து, பதினொரு மணிக்கு மேல் நிழல் வரும் இடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிழக்குப் பார்த்த பால்கனி அதற்கென்றே கட்டியது. மேற்குப் பார்த்ததோ, திறந்த மொட்டை மாடியோ என்றால் பங்குனி முதல் ஆவணி வரை 50 சதவீத நிழல் வலை வேண்டும். தலைக்கு மேலே கட்டினால் மட்டும் போதாது. மேற்குப் பக்கமும் கொஞ்சம் தொங்கவிடுங்கள், சாய்வு வெயில்தான் இலையைச் சுடுகிறது. கறிவேப்பிலைக்கு மட்டும் வலை வேண்டாம். அது வெயில் பிள்ளை.

சென்னையில் பலரும் கவனிக்காமல் விடும் சங்கதி தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், சில வாரங்களில் தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படியும். இலை நுனி கருகும். கறிவேப்பிலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இடையில் மஞ்சளாகும். அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத் தண்ணீரால் வேர் அதை எடுக்க முடிவதில்லை. இதற்கு மேலும் மேலும் உரம் போட்டால் உப்புதான் கூடும். குழாயில் மெட்ரோ வாட்டர் வரும் நாளில், தொட்டியின் அடித் துளை வழியாக நன்றாக ஓடும்வரை ஊற்றிக் கழுவிவிடுங்கள். மழைத்தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது.

ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அது குழாய்த் தண்ணீரைவிட உப்புக் கூடியது. வீடு துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது உப்பில்லாதது, தாராளமாக ஊற்றலாம். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம். உப்புப் போட்டு வடித்த கஞ்சி கூடாது.

5. தொட்டியும் மண்ணும்

புதிதாக எல்லாம் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் பெயிண்ட் அடித்து மீந்த 20 லிட்டர் பக்கெட் கறிவேப்பிலைக்கு அளவாக இருக்கும். நன்றாகக் கழுவி, அடியில் ஐந்தாறு துளை, பக்கவாட்டில் அடியை ஒட்டி மூன்று துளை போட்டுக்கொள்ளுங்கள். மல்லிக்கும் வெந்தயத்துக்கும் அகலமான, ஆழம் குறைந்த தொட்டி: மண் 6 அங்குலம் நின்றால் போதும். புதினாவுக்கும் அகலம்தான் முக்கியம். கற்பூரவள்ளிக்கு 8 அங்குலப் பூச்சட்டி போதும்.

மண் கலவைக்கு ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். எனக்குச் சரிப்பட்டது செம்மண் ஒரு பங்கு, கோகோ பீட் (தென்னை நார்க்கழிவுதான்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு பக்கெட் கலவைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கறிவேப்பிலைக்கு மட்டும் செம்மண்ணைக் கொஞ்சம் கூட்டி, கோகோ பீட்டைக் குறையுங்கள்.

கோகோ பீட் கட்டியை ஊறவைத்து அப்படியே கலக்காதீர்கள். விலை குறைந்த கட்டிகளில் உப்பு நிறைய இருக்கும். பெரிய டப்பில் ஊறவைத்து, பழைய வேட்டியில் அள்ளிப் பிழிந்து, தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவையுங்கள். முதல் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் வரும். நிறம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று தடவை அலச வேண்டும்.

கலந்த மண்ணை உடனே பயன்படுத்தாமல், ஈரப்படுத்தி ஒரு வாரம் பத்து நாள் நிழலில் மூடி வையுங்கள். சாணம் சரியாக மக்காத உரம் என்றால் இந்த இடைவெளியில் சூடு கிளம்பி அடங்கிவிடும். மண்புழு உரம் வாங்கும்போது கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசம் வர வேண்டும். சாண நாற்றம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதில் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் தேங்கினால் கொசுப்புழு வரும். டெங்கு காலத்தில் மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து தொட்டித் தட்டைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார்கள். தட்டு வேண்டாம், இரண்டு செங்கல்மேல் வையுங்கள்.

6. செலவு: ஏறக்குறைய இவ்வளவு

இரண்டு அகலத் தொட்டி, ஒரு நடுத்தரப் பை, ஒரு பூச்சட்டி, கறிவேப்பிலைக்குப் பழைய பக்கெட் என்று வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் முன்பின் இருக்கும்.

தொட்டிகளும் பையும் 250 முதல் 300 ரூபாய். 5 கிலோ கோகோ பீட் கட்டி 200 ரூபாய் அளவில். உங்களுக்குப் பாதிதான் செலவாகும், மீதியை உலர்த்தி வைக்கலாம். மண்புழு உரம் 20 கிலோ, 300 முதல் 400 ரூபாய். இதை ஒரு கிலோ, இரண்டு கிலோ பாக்கெட்டாக ஆன்லைனில் வாங்கினால் விலை இரண்டு மூன்று மடங்காகிவிடும். நர்சரியில் மூட்டையாக வாங்குங்கள். செம்மண் ஒரு மூட்டை 100 ரூபாய். வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோ 50, வேப்பெண்ணெய் சின்ன பாட்டில் 80, கறிவேப்பிலைக் கன்று 40 முதல் 60, மல்லி விதை 20 முதல் 30. புதினா சந்தைக் கட்டிலிருந்து, வெந்தயம் அஞ்சறைப் பெட்டியிலிருந்து, கற்பூரவள்ளி பக்கத்து வீட்டிலிருந்து. ஆக 1,200 ரூபாய் அளவில் முடிந்துவிடும். நிழல் வலை தனி.

காசு மிச்சமாகும் என்று நினைத்துத் தொடங்காதீர்கள். காய்கறிக்காரர் கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலைக்கு 1,200 ரூபாய் செலவு என்று வீட்டில் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. மருந்து தெளிக்காத இலை, ரசம் கொதிக்கும்போது கிள்ளிப் போடும் வசதி, அந்த வாசம், இதற்காகத்தான் வளர்க்கிறோம்.

7. கற்பூரவள்ளி: கை பழக

ஓமவல்லி என்று சொன்னாலும் இதுதான். யாரிடமாவது ஒரு சாண் தண்டு கேட்டு வாங்கி, அடி இலைகளைக் கிள்ளி, சொருகிவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். இதைக் கொல்ல ஒரே வழி தினமும் தண்ணீர் ஊற்றுவது. தண்டு அடியில் கறுத்துக் குழைந்தால் நீங்கள் அதிகம் ஊற்றுகிறீர்கள் என்று பொருள். மேல் மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். இலை பெரிதானதும் கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போடுங்கள். வளர்த்த அலுப்பு தீர்ந்துவிடும்.

8. புதினா: கட்டு வாங்கும்போதே பாருங்கள்

நர்சரியில் 30, 40 ரூபாய் கொடுத்துப் புதினாச் செடி வாங்க வேண்டியதில்லை. சமையலுக்கு வாங்கும் கட்டைப் பிரித்து, தண்டு கொஞ்சம் தடித்து, அடி ஊதா நிறமாக இருப்பவற்றைத் தனியே எடுங்கள். கணுக்களில் வெள்ளையாக முளை தட்டியிருந்தால் பாதி வேலை ஏற்கெனவே ஆகிவிட்டது. ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை எடுத்துவிட்டு, நுனியில் நாலைந்து இலை மட்டும் விடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்து, தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றினால் ஒரு வாரத்தில் வேர் தெரியும். வேர் ஒரு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். தண்ணீரிலேயே நீளமாக வளரவிட்டால் மண்ணுக்குப் போனதும் சோர்ந்துவிடும்.

நட்ட பிறகு நாலைந்து நாள் முழு நிழல். அப்புறம் காலை வெயில் மட்டும். மண் எப்போதும் ஈரமாக இருக்கட்டும், சேறாக வேண்டாம். ஆறேழு வாரத்தில் முதல் அறுவடை. இலை இலையாகக் கிள்ளாமல், மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே கத்தரியால் வெட்டி, உடனே ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். வெட்ட வெட்டத்தான் அடர்த்தியாகும். வெட்டாமல் பார்த்து ரசித்தால் தண்டு நீண்டு, அடி மொட்டையாகி, நுனியில் மட்டும் இலை நிற்கும்.

இலைக்கு அடியில் துருப்பிடித்தது போல் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்தால் அது பூஞ்சாணம். அந்தத் தண்டுகளை வெட்டி வெளியே போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள்.

வேறு எந்தச் செடியோடும் புதினாவைச் சேர்த்து நடக் கூடாது. அதன் ஓடுதண்டு தொட்டியையே பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறை தொட்டியைக் கவிழ்த்து, பாதி வேரை எடுத்துவிட்டுப் புது மண்ணில் வையுங்கள்.

9. மல்லி: பொறுமைக்குச் சோதனை

நாம் விதை என்று சொல்லும் உருண்டை ஒவ்வொன்றிலும் இரண்டு விதை இருக்கிறது. அதை இரண்டாக உடைக்க வேண்டும். செய்தித்தாளில் பரப்பி, மேலே இன்னொரு தாள் போட்டு, சப்பாத்திக் கட்டையால் பூப்போல உருட்டுங்கள். நற நறவென்று சத்தம் கேட்கும். பாதி பாதியாகப் பிரிந்தால் போதும். பொடியாகிவிட்டால் அது சாம்பாருக்கு.

மளிகைக் கடைத் தனியாவும் முளைக்கும், ஆனால் எல்லாம் அல்ல. பழைய சரக்கு நிறைய வரும். பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் முளை விட்டால் அதையே போடலாம். இலைக்கென்றே தேர்ந்த ரகம் வேண்டும் என்றால் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள்.

பாக்கெட் விதை வாங்கும்போது முளைப்புத்திறன் சதவீதம், பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பில்லையும் பாக்கெட்டையும் முளைக்கும்வரை தூக்கிப் போடாதீர்கள். உள்ளே விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியது போல் இருந்தால் பூஞ்சாணக்கொல்லி கலந்திருக்கிறார்கள். கையுறை போட்டு விதையுங்கள், மீந்ததைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், களைந்து எடுக்கும் இளநாற்றைச் சாப்பிடாதீர்கள்.

உடைத்த விதையை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வடித்து, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். மண்ணை முதலில் நனைத்துவிட்டு, விரலால் கோடு கிழித்து, அங்குலத்துக்கு ஒன்றாகத் தூவி, அரை அங்குல மண்ணால் மூடுங்கள். மேலே ஈரச் சாக்கு. தினமும் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் வெளிறிச் சாய்ந்துவிடும். எட்டு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை எடுக்கும். ஒரு வாரத்தில் வரவில்லை என்று கிளறிவிடாதீர்கள்.

முதலில் வரும் இரண்டு இலைகள் நீளமாக, புல் போல இருக்கும். வேறு ஏதோ முளைத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவதாக வரும் இலைதான் நமக்குத் தெரிந்த மல்லி இலை.

பிடுங்கி வேறு தொட்டியில் நட முடியாது, ஆணிவேர் அறுந்தால் சோர்ந்துவிடும். விதைத்த இடத்திலேயே வளரட்டும். நெருக்கமாக இருப்பதைக் களைந்துவிடுங்கள். புறா வரும் மாடி என்றால் விதைத்த அன்றே மேலே வலை. புறா விதையைத் தின்பதைவிட மண்ணைக் கிளறிப் பாழாக்குவதுதான் அதிகம்.

முப்பது நாளுக்கு மேல் அறுக்கலாம். வெளிப்பக்க இலைகளைக் காம்போடு வெட்டி, நடுக்குருத்தை விட்டால் இரண்டு மூன்று முறை கிடைக்கும். நடுவில் தண்டு நிமிர்ந்து, இலை சோம்புத் தழை போல மெலிந்தால் பூக்கப்போகிறது. அன்றைக்கே வேரோடு பிடுங்கிச் சட்னி அரைத்துவிடுங்கள்; வேர் ரசத்துக்கு நல்ல மணம். விடாமல் கிடைக்க வேண்டும் என்றால் இரண்டு தொட்டியில் மூன்று வார இடைவெளியில் மாற்றி மாற்றி விதைக்க வேண்டும்.

10. வெந்தயக்கீரை

எட்டு மணி நேரம் ஊறவைத்து, தூவி, மெல்லிசாக மண் போட்டு மூடினால் மூன்று நாலு நாளில் முளைக்கும். இருபது இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கலாம். மழைக்காலத்தில் அடர்த்தியாகப் போட்டால் அடி அழுகிச் சாயும், கொஞ்சம் இடைவெளி விட்டுப் போடுங்கள். வேறு சூட்சுமம் ஒன்றும் இல்லை.

11. கறிவேப்பிலை: வாங்கும்போது ஏமாறாதீர்கள்

கடையில் வாங்கிய கறிவேப்பிலைக் கொத்தைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும் என்று வீடியோக்கள் சொல்கின்றன. நாம் கொத்து என்று சொல்வது உண்மையில் ஒரே ஒரு கூட்டிலை. அதன் நடுக்காம்பில் துளிர்க்கும் மொட்டு கிடையாது. எத்தனை நாள் வைத்தாலும் செடி ஆகாது.

விதையிலிருந்து வரும். ஆனால் பழம் கறுத்த உடனே சதையைக் கழுவி எடுத்து, ஓரிரு நாளில் போட்டுவிட வேண்டும். காயவைத்தால் மூன்று வாரத்தில் உயிர் போய்விடும். பாக்கெட்டில் விற்கும் காய்ந்த கறிவேப்பிலை விதைக்குக் காசு கொடுக்காதீர்கள். தெரிந்தவர் வீட்டில் மரம் இருந்தால் அடியில் பக்கக் கன்று முளைத்திருக்கும். மழை நாளில் வேரோடு தோண்டி வாங்கிக்கொள்ளலாம்.

நர்சரியில் வாங்குவதென்றால் செங்காம்பு ரகம் கேளுங்கள். காம்பு செம்மை ஓடியிருக்கும், வாசம் நன்றாக இருக்கும். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். புசுபுசுவென்று இருக்கும் கன்றின் அடியைப் பாருங்கள். ஒரே கவரில் நாலைந்து நாற்று இருக்கும். அப்படி வாங்கினால் நல்லதாக ஒன்றை, மிஞ்சினால் இரண்டை விட்டு மற்றவற்றை அடியோடு வெட்டிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் நாலும் இருந்தால் நாலும் குச்சியாகவே நிற்கும். இன்னொன்று, கவரைக் கிழித்ததும் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஓரங்களை மட்டும் மெதுவாக உதிர்த்துவிட்டு நடுங்கள்.

முதல் ஆண்டு சமையலுக்கு இலை பறிக்காதீர்கள். ஒன்றரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை பிரியும். பிறகு பறிக்கும்போதும் இலை இலையாக உருவாமல், கிளையின் நுனியோடு வெட்டி எடுங்கள். வெட்டிய இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும். பூங்கொத்து வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள்.

புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்து மாதம் இருமுறை ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். நானும் ஊற்றுகிறேன். கெட்டியாக ஊற்றாதீர்கள், எறும்பு வரும். ஒரு டம்ளர் மோருக்கு ஒரு பக்கெட் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம். உப்புப் போட்ட மோர் வேண்டவே வேண்டாம்.

எதிரி யார் என்றால் வண்ணத்துப்பூச்சிப் புழு. எலுமிச்சையைத் தின்னும் அதே புழு, கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான். சிறிதாக இருக்கும்போது காக்கை எச்சம் போலவே பழுப்பும் வெள்ளையுமாக இலைமேல் உட்கார்ந்திருக்கும், பார்த்தால் புழு என்றே தோன்றாது. பெரிதானதும் பச்சையாகிவிடும். சின்னக் கன்றை இரண்டு புழு இரண்டே நாளில் மொட்டையாக்கிவிடும். துளிர் விடும் நாட்களில் காலையில் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கையால் எடுத்துவிட்டால் போதும், மருந்து வேண்டாம்.

12. பூச்சியும் மருந்தும்

மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ எதுவானாலும் முதல் வேலை, தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது. அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், மாலை நேரத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். தெளித்து ஒரு வாரம் பறிக்காமல் விடுங்கள், அதுவரை கசப்பு போகாது. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ரசாயன மருந்தை, நாளைக்குச் சட்னிக்குப் பறிக்கப்போகும் இலையில் அடிப்பதாக இருந்தால் கடை இலையே வாங்கிக்கொள்ளலாமே.

உரம் பதினைந்து நாளுக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். பஞ்சகவ்யா கிடைத்தால் லிட்டருக்கு 30 மில்லி. கடலைப் பிண்ணாக்குக் கரைசல் இலையைத் தளதளவென்று ஆக்கும், ஆனால் அளவு மீறினால் வாசம் குறையும். அசுவினிக்கும் அப்படிப்பட்ட இளந்தண்டுதான் பிடிக்கும்.

13. ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கு நாலைந்து நாள் ஊருக்குப் போவதென்றால், கிளம்பும் அன்று புதினாவையும் மல்லியையும் நிழலுக்கு மாற்றி, துளை வழியாக வழியும்வரை தண்ணீர் ஊற்றி, மேலே காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ பரப்புங்கள். தை மாதக் குளிரில் அது தாங்கும். புதினாவை அறுத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. இலை குறைந்தால் தண்ணீரும் குறைவாகத்தான் வேண்டியிருக்கும். கோடையில் இது நடக்காது. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் கற்பூரவள்ளித் தொட்டியைத் தனியே எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். உதவிக்கு வருபவர் எல்லாத் தொட்டிக்கும் சரிசமமாக ஊற்றிவிட்டுத்தான் போவார்.